கம்பியை நம்பாதீர்கள்: முதன்முறை நீள கேபிள் இழுப்பவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மேசையில் ஒரு சாண் கம்பியோடு பிசகில்லாமல் ஓடிய சர்க்யூட், அதே சிக்னலை மூன்று மீட்டர் தள்ளி அனுப்பியதும் கிறுக்குப் பிடித்தது போல நடந்துகொள்ளும். கவுண்டர் ஒன்றுக்கு இரண்டாக எண்ணும். ரீசெட் தானாக விழும். கம்பியை மாற்றுவீர்கள், சால்டரை மறுபடி வைப்பீர்கள், மல்டிமீட்டரில் தொடர்ச்சி பார்ப்பீர்கள். எல்லாம் சரியாகவே இருக்கும். ஆனால் கோளாறு தீராது. இந்தச் சுழலில் நான் நிறைய நேரம் தொலைத்திருக்கிறேன். விளக்கம் தேடிப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்திலேயே பகுதி வகைக்கெழுச் சமன்பாடு வந்து நிற்கும். அந்தச் சமன்பாட்டுக்கும் மேசையில் சுருண்டு கிடக்கும் கேபிளுக்கும் நடுவே என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் வரிசையாகச் சொல்வதில்லை. அந்த வரிசை இங்கே.

மைக்ரோகண்ட்ரோலர், சென்சார், டிஜிட்டல் சிக்னல் என்று வேலை செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓம் விதி தெரிந்தால் போதும். மின்தடையும் மின்தேக்கியும் போலக் கம்பியும் ஓர் உதிரிப் பாகம், அதற்கும் மதிப்பு உண்டு என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். அந்த மதிப்பு இரண்டு எண்களால் ஆனது: எவ்வளவு தாமதம், எத்தனை ஓம்.

1. நீளத்தை நேரமாக மாற்றுங்கள்

வெற்றிடத்தில் ஒளி ஒரு நொடிக்கு 29,97,92,458 மீட்டர் செல்கிறது. நம் வேலைக்கு இதை ஒரு நானோ நொடிக்கு 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால் போதும். கம்பியில் சிக்னல் இதைவிட மெதுவாகவே போகும். எவ்வளவு மெதுவாக என்பதைத் தீர்மானிப்பது பெரும்பாலும் செம்பைச் சுற்றியிருக்கும் மின்காப்புப் பொருள்தான். ஏனென்றால் சிக்னல் பயணம் செய்வது போகும் கம்பிக்கும் திரும்பும் கம்பிக்கும் இடையிலுள்ள மின்காந்தப் புலமாக. அந்த இடைவெளியை நிரப்பியிருப்பது மின்காப்பு.

எலக்ட்ரான்கள் ஒரு முனையில் கிளம்பி மறுமுனைக்கு ஓடிச் சேருகின்றன என்ற படம் பள்ளியிலிருந்து நம் மனத்தில் இருக்கிறது. அதை இங்கேயே இறக்கி வைத்துவிடுங்கள். 1 சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 1 ஆம்பியர் ஓடும்போது எலக்ட்ரான்கள் சராசரியாக நகரும் வேகம் நொடிக்கு சுமார் 0.07 மில்லிமீட்டர். ஒரு மீட்டரைக் கடக்க மூன்றே முக்கால் மணி நேரத்துக்கும் மேல் ஆகும்.

மனப்பாடம் செய்ய வேண்டிய தாமதங்கள் இவ்வளவுதான். திட பாலிதீன் மின்காப்புள்ள ஆர்ஜி-58 கோஆக்சியல் கேபிளில் (நடுக்கம்பியைச் சுற்றி உலோகப் பின்னல் உள்ள வகை) மீட்டருக்கு 5 நானோ நொடி. நுரை பாலிதீன் என்றால் சுமார் 4. நெட்வொர்க்குக்குப் பயன்படும் முறுக்கு ஜோடிக் கம்பியில் ஏறத்தாழ 5. சாதாரண சர்க்யூட் போர்டின் உள் அடுக்குத் தடத்தில் ஏறத்தாழ 7, மேல் அடுக்கில் 6. போர்டில் இந்தக் கணக்கைச் சென்டிமீட்டருக்கு 60 முதல் 70 பிகோ நொடி என்று வைத்துக்கொள்வது வசதி.

உங்கள் கேபிளின் நீளத்தை இதனால் பெருக்கி, ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டி வையுங்கள். மூன்று மீட்டர் ஆர்ஜி-58 என்றால் போக 15, வர 15, மொத்தம் 30 நானோ நொடி. இந்த எண் பின்னால் திரும்பத் திரும்ப வேண்டியிருக்கும்.

2. அதிர்வெண்ணை விட்டுவிட்டு ஏறுநேரத்தைத் தேடுங்கள்

புதிதாக வருபவர்கள் மிக அதிகமாக விழும் குழி இது. “என் சிக்னல் வெறும் 10 கிலோஹெர்ட்ஸ். இதற்கெல்லாம் டிரான்ஸ்மிஷன் லைன் (கம்பியைத் தாமதமும் இம்பிடன்ஸும் உள்ள பாகமாகப் பார்ப்பது) கணக்கு எதற்கு?” என்று கேட்பார்கள். ஒரு நாளைக்கு ஒரு முறை மட்டும் மாறும் சிக்னலாக இருந்தாலும், அந்த ஒரு மாற்றம் 2 நானோ நொடியில் நடந்தால் கேபிளுக்கு அது 2 நானோ நொடி சிக்னல்தான். தாழ்நிலையிலிருந்து உயர்நிலைக்குத் தாவ எடுத்துக்கொள்ளும் நேரம், அதாவது ஏறுநேரம், அதுதான் கேபிளுக்குத் தெரியும். ஒரு நொடிக்கு எத்தனை முறை தாவுகிறது என்பதைக் கேபிள் அறியாது. மெதுவான சிக்னல் என்று அலட்சியமாக விடப்படும் ரீசெட், இண்டரப்ட் கம்பிகள்தான் பெரும்பாலும் வம்பு செய்கின்றன.

விதி எளிது. கேபிளின் ஒருவழித் தாமதம் ஏறுநேரத்தில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால், அதை வெறும் கம்பியாக நினைக்காதீர்கள். 7 நானோ நொடியில் ஏறும் 74எச்சி வகை ஐசிக்கு அந்த எல்லை கோஆக்சியல் கேபிளில் 23 சென்டிமீட்டர். 1.5 நானோ நொடியில் ஏறும் வேகமான ஐசிக்குப் போர்டின் மீதே மூன்றரை சென்டிமீட்டர். பழைய வடிவமைப்பில் பல ஆண்டு ஓடிய போர்டு, ஐசியின் புதிய வகையைப் பொருத்தியதும் தகராறு செய்வது இதனால்தான். வேகம் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. புதிய ஐசி தானாகவே வேகமாக ஏறுகிறது.

ஏறுநேரத்தை எங்கே பார்ப்பது? ஐசியின் டேட்டாஷீட்டில். அங்கேயும் ஒரு பொறி இருக்கிறது. பல டேட்டாஷீட்டுகள் ஏறுநேரத்தின் அதிகபட்ச மதிப்பை மட்டும் தரும், அதுவும் 50 பிகோபாரட் சுமையில் அளந்ததாக. “இதைவிட மெதுவாகப் போகாது” என்பதுதான் அந்த வாக்குறுதி. நமக்கு வேண்டியதோ எவ்வளவு வேகமாகப் போகக்கூடும் என்பது. அதை அச்சிட மாட்டார்கள். ஆகையால் டேட்டாஷீட் எண்ணைப் பாதியாக வைத்துக் கணக்குப் போடுங்கள், முடிந்தால் ஆசிலாஸ்கோப்பில் நீங்களே அளந்துகொள்ளுங்கள். உங்கள் மைக்ரோகண்ட்ரோலரில் பின்களின் வேகத்தைக் குறைக்கும் அமைப்பு இருந்தால் முதலில் அதைக் குறைத்துப் பாருங்கள். பாதிப் பிரச்சினைகள் அங்கேயே முடிந்துவிடும், காசு செலவில்லாமல்.

3. கேபிளின் டேட்டாஷீட்டில் படிக்க வேண்டிய வரிகள்

கேபிள் வாங்குமுன் அதன் டேட்டாஷீட்டைக் கேளுங்கள். தர முடியாது என்றால் அந்தக் கேபிளை விட்டுவிடுங்கள். பத்துப் பதினைந்து வரிகள் இருக்கும். உறையின் நிறம், தீப்பற்றும் தரம் எல்லாம் பிறகு. முதலில் நான்கைப் பாருங்கள்: இயல்பு இம்பிடன்ஸ், பரவும் வேகம், மீட்டருக்கு எத்தனை பிகோபாரட், அதிர்வெண் வாரியாகத் தேய்மானம் (வழியில் சிக்னல் எவ்வளவு வலுவிழக்கிறது). தேய்மானத்தைச் சிலர் 100 அடிக்கும் சிலர் 100 மீட்டருக்கும் தருவார்கள். இரண்டு கேபிள்களை ஒப்பிடும்போது அலகைப் பார்க்காமல் விட்டால் மும்மடங்குக்கும் மேல் தவறிப்போகும்.

இம்பிடன்ஸ் என்ற இந்த ஓம் கணக்கில்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். “50 ஓம் கேபிள்” என்று போட்டிருக்கும். மல்டிமீட்டரை வைத்தால் முனை திறந்திருக்கும்போது எதுவும் காட்டாது. முனையைக் குறுக்கிணைத்தால் ஓர் ஓமுக்கும் குறைவாகக் காட்டும். அந்த 50 எங்கே போயிற்று? 1 மீட்டர் வாங்கினாலும் 50, 100 மீட்டர் வாங்கினாலும் 50 என்கிறார்களே, எப்படி?

ஆர்ஜி-58 கேபிளை எடுத்து நாமே கணக்குப் போடுவோம். அதன் மின்தேக்குத்திறன் மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோபாரட். 2.5 வோல்ட் உயரமுள்ள ஓர் ஏற்றத்தை உள்ளே அனுப்புகிறோம். அது 5 நானோ நொடிக்கு ஒரு மீட்டர் முன்னேறுகிறது. முன்னேறும் ஒவ்வொரு மீட்டரிலும் 100 பிகோபாரட்டை 2.5 வோல்ட்டுக்கு நிரப்ப வேண்டும். அதற்குத் தேவை 250 பிகோ கூலம். 5 நானோ நொடியில் 250 பிகோ கூலம் என்றால் 50 மில்லி ஆம்பியர். 2.5 வோல்ட்டை 50 மில்லி ஆம்பியரால் வகுத்துப் பாருங்கள். 50 ஓம்.

சமன்பாடு எதுவும் இல்லாமல் விடை வந்துவிட்டது. ஏற்றம் கேபிளுக்குள் முன்னேறிக்கொண்டிருக்கும் வரை, அனுப்பும் ஐசிக்கு அந்தக் கேபிள் ஒரு 50 ஓம் மின்தடையாகவே தெரிகிறது. மறுமுனையில் என்ன இருக்கிறது என்பது அதற்கு இன்னும் தெரியாது. கேபிள் முடிவில்லாமல் நீண்டால் எப்போதும் 50 ஓம்தான். மல்டிமீட்டர் இதைக் காட்டாததற்குக் காரணம் எளிது: நீங்கள் திரையைப் பார்ப்பதற்குள் ஏற்றம் போய்த் திரும்பிப் பல இலட்சம் முறை அலைந்து ஓய்ந்திருக்கும்.

பொதுவாகக் கையில் கிடைப்பவை: கோஆக்சியலில் 50 அல்லது 75 ஓம், நெட்வொர்க் ஜோடியில் 100, ஆர்எஸ்-485 மற்றும் கேன் பஸ் (பல கருவிகளை ஒரே ஜோடிக் கம்பியில் இணைக்கும் முறைகள்) கேபிளில் 120. 50 ஓம், 75 ஓம் பிஎன்சி இணைப்பிகள் வெளித்தோற்றத்தில் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும், ஒன்றில் ஒன்று மாட்டவும் செய்யும். மாட்டிக்கொண்டதே என்பதால் பொருந்திவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

4. செலவு: எதை வாங்குவது, எதை இரவல் கேட்பது

விலை இடத்துக்கு இடம் மாறும் என்பதால் எண்கள் எழுதவில்லை. வரிசை மட்டும் எங்கேயும் மாறாது. ஆசிலாஸ்கோப்தான் பெரிய செலவு. அதை வாங்குவதற்கு முன் இரவல் கிடைக்குமா என்று பாருங்கள், சில மணி நேரம் போதும். 100 மெகாஹெர்ட்ஸ் கருவியின் சொந்த ஏறுநேரம் 3.5 நானோ நொடி, 0.35 என்ற எண்ணை அலைவரிசை அகலத்தால் வகுத்தால் இது கிடைக்கும். ஆர்ஜி-58இல் அந்தக் கருவியால் சுமார் 35 சென்டிமீட்டர் இடைவெளியிலுள்ள இரண்டு பழுதுகளைப் பிரித்தறிய முடியும். கேபிள் வேலைக்கு அது போதும், போர்டு வேலைக்குப் போதாது.

மீதி எல்லாம் சில்லறைச் செலவு: ஒரு 74ஏசி14 ஐசி, ஐந்து 220 ஓம் மின்தடைகள், ஒரு 10 கிலோஓம் மின்தடை, 1 நானோபாரட், 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கிகள், ஒரு பிஎன்சி டீ இணைப்பி, 10 மீட்டர் ஆர்ஜி-58, 100 ஓம் டிரிம்பாட் (திருகி மதிப்பை மாற்றும் மின்தடை) ஒன்று. டிரிம்பாட் கார்பன் அல்லது செர்மெட் வகையாக இருக்கட்டும். கம்பி சுற்றிய வகை தானே ஒரு மின்தூண்டி, அளவைக் கெடுத்துவிடும்.

நேரக் கணக்கும் சொல்லிவிடுகிறேன். டேட்டாஷீட்டுகளைப் படிக்க ஒரு மாலை, கீழே சொல்லும் சோதனைக்கு ஒரு மதியம். இந்தச் சோதனையைத் தவிர்த்துவிட்டு நேரடியாக 6ஆம் படிக்குப் போகலாம் என்று தோன்றும். போகாதீர்கள். கண்ணால் ஒருமுறை பார்த்தவர்கள் பிறகு எந்தத் திரையைப் பார்த்தாலும் கோளாறை அடையாளம் கண்டுவிடுகிறார்கள்.

5. பிரதிபலிப்பைக் கண்ணால் பாருங்கள்

74ஏசி14க்குள் ஆறு தலைகீழாக்கிகள் இருக்கின்றன. ஒன்றை 10 கிலோஓம், 1 நானோபாரட் கொண்டு அலையியற்றியாக்குங்கள். நூறு கிலோஹெர்ட்ஸ் அளவில் சதுர அலை வரும். அதன் வெளியீட்டை மற்ற ஐந்தின் உள்ளீடுகளுக்கும் சேர்த்துக் கொடுங்கள். அந்த ஐந்தின் ஒவ்வொரு வெளியீட்டிலும் ஒரு 220 ஓம் மின்தடையைத் தொடராக வைத்து, மறுபக்கங்களை ஒன்றாகச் சேர்த்து பிஎன்சிக்குக் கொண்டு போங்கள். 220ஐ ஐந்தால் வகுத்தால் 44. ஐசியின் சொந்த வெளியீட்டுத் தடையும் சேர்ந்து ஏறத்தாழ 50 ஓம் ஆகிவிடும். ஐசியின் மின்வழங்கல் கால்களை ஒட்டி 0.1 மைக்ரோபாரட் மின்தேக்கி கட்டாயம் வேண்டும். “ஒட்டி” என்றால் உண்மையிலேயே ஒட்டி. இரண்டு அங்குலம் தள்ளி வைத்தால் நீங்கள் பார்ப்பது கேபிளின் பிரதிபலிப்பா, மின்வழங்கலின் நடுக்கமா என்று தெரியாது.

பிஎன்சி டீயை ஆசிலாஸ்கோப்பின் உள்ளீட்டில் நேரடியாக மாட்டுங்கள். டீயின் ஒரு பக்கம் நம் சர்க்யூட், மறுபக்கம் 10 மீட்டர் கேபிள். ஆசிலாஸ்கோப் உள்ளீடு 1 மெகாஓம் அமைப்பில் இருக்க வேண்டும். 50 ஓம் அமைப்பில் இருந்தால் அதுவும் கேபிளோடு பக்க இணைப்பாகச் சேர்ந்து எல்லா எண்களையும் மாற்றிவிடும்.

எச்சரிக்கை ஒன்று: இந்தச் சோதனையை மின்சாரம் இல்லாத, இரு முனையும் கழற்றிய கேபிளில் மட்டுமே செய்யுங்கள். வீட்டு மின்கம்பி, தொலைபேசிக் கம்பி பக்கம் போகவே வேண்டாம்.

5 வோல்ட் கொடுத்து, கேபிளின் மறுமுனையைத் திறந்தபடி விட்டுத் திரையைப் பாருங்கள். சிக்னல் நேராக 5 வோல்ட்டுக்கு ஏறாது. 2.5 வோல்ட்டில் ஒரு படி நிற்கும். 100 நானோ நொடி அப்படியே கிடந்துவிட்டுப் பிறகு 5 வோல்ட்டுக்கு ஏறும். அந்தப் படிதான் பாடம் முழுவதும். நம் 50 ஓமும் கேபிளின் 50 ஓமும் 5 வோல்ட்டைப் பாதியாகப் பங்கிட்டுக்கொண்டதால் 2.5 கிளம்பியது. 50 நானோ நொடியில் மறுமுனையை அடைந்தது. அங்கே மின்னோட்டம் போக வழியில்லை. முகவரியில் ஆள் இல்லாத தபால் போல வந்த 2.5 வோல்ட் முழுதாகத் திரும்பியது. திரும்பும் வழியில் ஏற்கெனவே இருந்த 2.5 மீது ஏறி 5 ஆயிற்று.

இப்போது மறுமுனையைக் குறுக்கிணையுங்கள். 2.5க்கு ஏறி, 100 நானோ நொடி நின்று, பூஜ்யத்துக்கு விழும். பிரதிபலிப்பு இம்முறை தலைகீழாகத் திரும்புகிறது. நேர்மின்னோட்டத்தில் குறுக்கிணைப்பாக இருக்கும் ஒன்று, முதல் 100 நானோ நொடிக்கு ஒழுங்கான 50 ஓமாகத் தெரிவதை இதைவிடத் தெளிவாக வேறெங்கும் பார்க்க முடியாது. குறுக்கிணைத்தபடி நெடுநேரம் விட வேண்டாம். ஒவ்வொரு வெளியீடும் 20 மில்லி ஆம்பியர் அளவில் தள்ளிக்கொண்டிருக்கும்.

அடுத்து டிரிம்பாட். அதை மறுமுனையில் இணைத்து மெதுவாகத் திருப்புங்கள். 75 ஓம் பக்கம் இருக்கும்போது 100 நானோ நொடிக்குப் பிறகு படி 2.5இலிருந்து 3 வோல்ட்டுக்கு ஏறும். 25 ஓம் பக்கம் போனால் 1.67க்கு இறங்கும். நடுவில் ஓரிடத்தில் படி மறைந்து கோடு தட்டையாகிவிடும். அங்கேயே நிறுத்தி, டிரிம்பாட்டைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்து பாருங்கள். 50க்கு அருகில் காட்டும். கணக்கே போடாமல் ஒரு கேபிளின் இம்பிடன்ஸை அளந்துவிட்டீர்கள்.

கணக்கு வேண்டுவோருக்கு: முனை மின்தடையிலிருந்து கேபிளின் இம்பிடன்ஸைக் கழித்து, அந்த விடையை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்கள். வரும் எண்தான் திரும்பி வரும் பங்கு. 75 ஓம் முனைக்கு 25இன் கீழ் 125, அதாவது 0.2. எனவே 2.5 வோல்ட்டில் 0.5 திரும்பி வந்து 3 ஆகிறது.

இந்தக் கருவி எனக்குக் கடையில் வாங்கிய கேபிளைச் சோதிக்கவும் உதவியது. 50 ஓம் என்று சொல்லி விற்கப்பட்ட ஒரு சுருளை மாட்டியபோது முதல் படியே 2.5க்குப் பதில் 3 வோல்ட்டில் நின்றது. 5 வோல்ட்டை 50 ஓமோடு பங்கிட்டு 3 வோல்ட் எடுத்துக்கொள்கிறது என்றால் அது 75 ஓம் கேபிள். உறையில் என்ன அச்சிட்டிருந்தாலும் திரை பொய் சொல்லாது.

இதே முறையில் அறுந்த இடத்தையும் கண்டுபிடிக்கலாம். படி 60 நானோ நொடி நீண்டு பிறகு மேலே ஏறினால், ஆர்ஜி-58இல் 6 மீட்டர் தள்ளிக் கேபிள் அறுந்திருக்கிறது. கீழே விழுந்தால் அங்கே குறுக்கிணைப்பு. ஒருவழியா இருவழியா என்பதை மறந்து 12 மீட்டர் என்று சுவரை உடைக்கப் போகாதீர்கள்.

6. முனையை முடிக்கும் வழியைத் தேர்ந்தெடுங்கள்

படி மறைந்த இடத்தில் இருந்த அந்த மின்தடைக்கு வேலையில் முடிப்பு மின்தடை என்று பெயர். முதல் வழி, அதைப் பெறும் முனையில் அப்படியே வைப்பது. சிக்னல் சுத்தமாக இருக்கும். ஆனால் மின்னோட்டச் செலவு அதிகம்: 5 வோல்ட்டை 50 ஓமில் தாங்க 100 மில்லி ஆம்பியர், 3.3 வோல்ட்டுக்கு 66. மைக்ரோகண்ட்ரோலரின் ஒரு காலால் இதைத் தர முடியாது. இந்த வழி வேண்டுமென்றால் இதற்கென்றே உள்ள லைன் டிரைவர் ஐசி வாங்க வேண்டும்.

இரண்டாவது வழி, அனுப்பும் முனையில் தொடராக ஒரு மின்தடை. ஐசியின் வெளியீட்டுத் தடை 25 ஓம் என்றால் இன்னொரு 22 அல்லது 27 ஓம் சேர்த்து ஏறத்தாழ 50 ஆக்குவது. பாதி உயரம் கிளம்பும், திறந்த மறுமுனையில் இரட்டிப்பாகி முழு உயரம் ஆகும், திரும்பி வருவது நம் 50 ஓமில் அடங்கிவிடும். நிலையான மின்னோட்டம் ஏதும் தேவையில்லை. ஒரு சின்ன மின்தடையோடு வேலை முடிகிறது. ஒரு முனையில் அனுப்பி மறுமுனையில் மட்டும் பெறுவதானால் கண்ணை மூடிக்கொண்டு இதையே தேர்ந்தெடுங்கள். மின்தடை அனுப்பும் ஐசியின் காலை ஒட்டி இருக்க வேண்டும். பெறும் பக்கம் வைத்தால் பயனில்லை.

இதன் பொறி நடுவழியில் இருக்கிறது. கேபிளின் நடுவில் இன்னொரு ஐசியைத் தொங்கவிட்டால், ஏற்றம் மறுமுனைக்குப் போய்த் திரும்பும் வரை அது பாதி வோல்ட்டையே பார்த்துக்கொண்டிருக்கும். அது உயர்நிலையா தாழ்நிலையா என்று அதற்கே தெரியாது. அது கிளாக் சிக்னலாக இருந்துவிட்டால், கவுண்டர் ஒன்றுக்கு இரண்டாக எண்ணுவது இப்படித்தான்.

மின்தடையோடு ஒரு மின்தேக்கியைத் தொடராகச் சேர்த்து முனையில் வைக்கும் மூன்றாவது வழியும் உண்டு. நிலையான மின்னோட்டத்தைத் தவிர்க்கும். ஆனால் தரவின் வேகத்துக்கேற்ப மதிப்பைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். முதல் முறை செய்பவர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

7. திரும்பும் வழியைக் கவனியுங்கள்

சிக்னல் கம்பியைப் பார்த்துப் பார்த்து இழுப்போம். கிரவுண்டை எங்கேயோ ஓரிடத்தில் சேர்த்துவிடுவோம். போகும் மின்னோட்டம் ஒவ்வொரு கணமும் திரும்பிக்கொண்டும் இருக்கிறது, அதுவும் வேகமான ஏற்றத்தில் போகும் கம்பிக்கு மிக அருகிலேயே திரும்ப முயலும் என்பதை யாரும் நினைப்பதில்லை. அருகில் வழி இல்லாவிட்டால் சுற்றிக்கொண்டு வரும். அந்தச் சுற்றுக்குள் அடங்கும் பரப்புதான் ஆன்டெனாவாகி, வெளியிலுள்ள மின் இரைச்சலை வாங்கும், உள்ளே இருப்பதை வெளியே விடும்.

ஆகையால் பட்டைக் கேபிளில் ஒரு கம்பி சிக்னல், அடுத்தது கிரவுண்டு என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். எட்டு சிக்னலுக்கு ஓரத்தில் ஒரே ஒரு கிரவுண்டு என்பது கம்பியை மிச்சப்படுத்தும், ஆனால் ஒன்றின் ஏற்றம் பக்கத்துக் கம்பியில் பூச்சி போல ஊரும். முறுக்கு ஜோடியில் ஒரு சிக்னலுக்கு ஒரு ஜோடி. இரண்டு வெவ்வேறு சிக்னல்களை ஒரே ஜோடியில் அனுப்புவதைப் போலக் கெடுதல் வேறில்லை. இணைப்பியில் சேர்க்கும்போது முறுக்கை நீளமாகப் பிரித்துவிடாதீர்கள். கேட்-5ஈ நெட்வொர்க் கேபிளுக்கு அனுமதிக்கப்படும் எல்லை 13 மில்லிமீட்டர். போர்டில் கிரவுண்டுத் தளத்தில் பிளவு இருந்தால் அதன் மேல் வேகமான தடத்தைக் கொண்டுபோக வேண்டாம்.

அளக்கும்போதும் இதே கதை. ஆசிலாஸ்கோப் புரோபின் நீண்ட கிரவுண்டுக் கிளிப் கம்பி 100 நானோ ஹென்றி அளவில் மின்தூண்டலைச் சேர்க்கும். புரோபின் 10 பிகோபாரட்டோடு சேர்ந்தால் 160 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் அதிரத் தொடங்கும். திரையில் தெரியும் நடுக்கம் உங்கள் சர்க்யூட்டில் இல்லாமலே இருக்கலாம். கிளிப்பைக் கழற்றி, புரோபின் முனையிலேயே மாட்டும் குட்டிக் கிரவுண்டுச் சுருளைப் பயன்படுத்திப் பாருங்கள். நடுக்கம் குறைந்தால் அது புரோபின் வேலை.

8. கேபிள் நீண்டால் தேய்மானம்

நூறு மீட்டரை நெருங்கும்போது இன்னொரு தொல்லை சேர்கிறது. அதிர்வெண் கூடக் கூட மின்னோட்டம் செம்பின் மேற்தோலில் மட்டும் ஓடும். 50 ஹெர்ட்ஸில் அந்தத் தோல் 9 மில்லிமீட்டர் தடிமன். 1 மெகாஹெர்ட்ஸில் 66 மைக்ரான். 100 மெகாஹெர்ட்ஸில் 6.6 மைக்ரான். பரப்பு குறைவதால் தடை ஏறுகிறது. கூர்மையாகக் கிளம்பிய ஏற்றம் போகப் போக மழுங்கி, நீண்ட வாலோடு வந்து சேரும். இதற்கு முடிப்பு மின்தடையில் மருந்து இல்லை. தரவின் வேகத்தைக் குறையுங்கள், அல்லது தடிமனான கேபிளுக்குச் செலவழியுங்கள்.

9. ஒரே கம்பியில் பலர்: ஆர்எஸ்-485, கேன்

தூரம் அதிகம், கருவிகள் பல என்றால் தனியாக எதையும் கண்டுபிடிக்க முயல வேண்டாம். ஆர்எஸ்-485 குறைந்த தரவு வேகத்தில் 1,200 மீட்டர் வரை போகும். கேன் பஸ் 1 மெகாபிட்டில் சுமார் 40 மீட்டர். இரண்டிலும் கேபிளின் இரு கோடிகளில் மட்டும் தலா ஒரு 120 ஓம். கருவிகளை ஒரே நேர்க்கோட்டில் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்க வேண்டும். நடுவில் ஓரிடத்தில் சேர்த்து நட்சத்திரம் போலப் பிரித்தால் ஒவ்வொரு கிளையும் ஒரு பிரதிபலிப்பை அனுப்பும். எந்த மின்தடையாலும் அதைச் சமாளிக்க முடியாது. கிளை தவிர்க்க முடியாததென்றால் 2ஆம் படியிலுள்ள ஆறில் ஒரு பங்கு விதிக்குள் நிற்கும்படி குட்டையாக வையுங்கள்.

ஆர்எஸ்-485இல் இரண்டு கம்பி போதும் என்று எங்கும் எழுதியிருப்பார்கள். மூன்றாவதாக ஒரு கிரவுண்டுக் கம்பியும் இழுத்துவிடுங்கள். இரு முனைக் கருவிகளின் கிரவுண்டுகளுக்கு நடுவே வேறுபாடு கூடி, பெறும் ஐசியின் கால்கள் -7 முதல் +12 வோல்ட் எல்லையைத் தாண்டினால் தரவு கெடும், ஐசியும் போகலாம். அடுத்த பொறி, யாரும் பேசாத நேரம். இரு கம்பிகளுக்கும் இடையே 200 மில்லிவோல்ட்டாவது இல்லாவிட்டால் பெறும் ஐசி தன் விருப்பத்துக்கு எதையாவது படிக்கும். முடிப்பு மின்தடைகளோ அந்த வேறுபாட்டைப் பூஜ்யத்துக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். 5 வோல்ட் அமைப்பில் ஏ, பி கம்பிகளில் ஒன்றை 560 ஓம் வழியாக மேலேயும் மற்றதை 560 ஓம் வழியாகக் கீழேயும் கட்டினால் சுமார் 250 மில்லிவோல்ட் கிடைக்கும். ஓரிடத்தில் மட்டும் கட்டினால் போதும். எது மேலே என்பதை டேட்டாஷீட்டில் உறுதி செய்துகொள்ளுங்கள். ஏ, பி பெயர்களைச் சில நிறுவனங்கள் மாற்றிப் போடுகின்றன.

கேன் பஸ்ஸில் சோதனை இன்னும் சுலபம். எல்லாக் கருவிகளின் மின்சாரத்தையும் அணைத்துவிட்டு, இரு கம்பிகளுக்கும் நடுவே சாதாரண மல்டிமீட்டரை வையுங்கள். 60 ஓம் காட்டினால் இரு கோடியிலும் மின்தடை இருக்கிறது. 120 காட்டினால் ஒன்று விட்டுப்போயிற்று. 40 காட்டினால் மூன்றாவதாக ஒரு 120 ஓம் எங்கேயோ ஒளிந்திருக்கிறது. பெரும்பாலும் ஆயத்தமாக வாங்கிய ஏதோ ஒரு மாட்யூலின் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டு இருக்கும், அதன் டேட்டாஷீட்டின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் எழுதியும் இருக்கும். மாட்யூல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மீட்டரைப் பாருங்கள். 60க்குத் தாவும்போது கையில் இருப்பதுதான் அது. ஜம்பரை எடுத்துவிடுங்கள், ஜம்பர் இல்லையென்றால் மின்தடையைச் சால்டரிங் அயர்னால் நீக்கிவிடுங்கள்.